இரவு மின்சாரமும் செங்கற் கணப்பும்

சென்ற மாதம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கமொன்றின் கணக்குகளை ஆய்வு செய்துவிட்டுப் புறப்படும் சமயத்தில், வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் என்னைத் தறிக்கூடத்தின் வாயிலில் நிறுத்தினார். அவருடைய மகள் இங்கிலாந்தில், ராச்டேலுக்கு அண்மையிலுள்ள ஓர் ஊரில், மருத்துவமனைச் செவிலியராகப் பணியாற்றுகிறார். "ஐயா, அங்கே இரவு நேரத்து மின்சாரம் பகலைவிடப் பாதி விலையாம். அதற்கென்றே என் மகள் வீட்டில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்களாம். பெட்டிக்குள் செங்கல் அடுக்கியிருக்கிறதாம். அப்படியிருந்தும் அண்டை வீட்டாரைவிட அவளுக்குத்தான் பில் கூடுதலாக வருகிறதாம். இது என்ன கணக்கென்று எனக்கு விளங்கவில்லை. நீங்கள் படித்தவர், பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

மகள் அனுப்பியிருந்த பில்லையும் மீட்டரின் படத்தையும் வாங்கிப் பார்த்தேன். அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி பிரிட்டனில் பல லட்சம் குடும்பங்கள் கேட்டுவரும் கேள்வியே ஆகும். நேரத்துக்கு ஒரு விலை என்னும் முறை நம் நாட்டிலும் காலூன்றி வருவதால், அதன் நன்மை தீமைகளை நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். இக்கட்டுரையின் நோக்கம் அதுவே.

இரவு மின்சாரம் மலிவானது ஏன்?

மின்சாரத்தை நெல்லைப்போல் குதிரில் கொட்டிவைத்து வேண்டியபோது அள்ளிக்கொள்ளுதல் எளிதன்று. எந்த நொடியில் எவ்வளவு தேவையோ, அந்த நொடியில் அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். பிரிட்டனில் குளிர்கால மாலைப்பொழுதில் தேவை உச்சத்தை எட்டுகிறது. நள்ளிரவுக்குப் பின்னர் ஆலைகளும் கடைகளும் வீடுகளும் அடங்கிவிடத் தேவை வெகுவாகக் குறைகிறது. ஆயினும் மாலை உச்சத்துக்கு வேண்டிய நிலையங்களையும் கம்பித் தொடர்களையும் அமைத்தே தீரவேண்டும். அவ்வாறு பெரும்பொருள் செலவிட்டு அமைத்தவை இரவில் வேலையின்றிக் கிடக்கின்றன.

இதனுடன் மற்றொரு காரணமும் சேர்ந்தது. நிலக்கரி எரித்து நீராவி எழுப்பும் பெரிய நிலையங்களை இரவில் அணைத்து விடியலில் மீண்டும் இயக்குவது தொல்லையும் செலவும் மிக்கது. 1956-இல் கால்டர் ஹாலில் தொடங்கிய அணுமின் நிலையங்களோ, இரவு பகல் என்ற வேறுபாடின்றி ஒரே சீராக ஓடவேண்டியவை. ஆகவே இரவில் வாங்குவாரின்றி மின்சாரம் எஞ்சி நின்றது. சந்தை கலையும் வேளையில் மிஞ்சிய காய்கறியை வந்த விலைக்குத் தள்ளிவிடும் விவசாயியின் நிலை எதுவோ, அதுவே மின்சார வாரியங்களின் நிலையாகவும் இருந்தது.

பிரிட்டனின் மின்சாரத் தொழில் 1948-இல் நாட்டுடைமையாக்கப்பட்டது. 1960-களில் அங்குள்ள மின்சார வாரியங்கள் இரவு நேரத்துக்குத் தனியாகக் குறைந்த கட்டணம் விதித்து, அதை உபயோகிப்பதற்குரிய கணப்புப் பெட்டிகளை வீடுதோறும் பரப்பின. 1978 அக்டோபரில் 'எகானமி 7' என்னும் கட்டணத் திட்டம் நாடெங்கும் அறிமுகமாயிற்று. 'சிக்கனம் ஏழு' என்பது அப்பெயரின் பொருள். இரவில் ஏழு மணி நேரம் குறைந்த விலை. எஞ்சிய பதினேழு மணி நேரம் சாதாரண விலையைவிடச் சற்று மிகுந்த விலை. இதற்காக வீட்டு மீட்டரில் இரவுக்கு ஒன்றும் பகலுக்கு ஒன்றுமாக இரு கணக்குகள் ஓடும்.

பெட்டியின் அமைப்பு

சுவரோரமாக நிற்கும் அப்பெட்டி பார்வைக்கு ஓர் அலமாரியின் கீழ்த்தட்டைப் போன்றிருக்கும். உள்ளே இரும்புத் தாது கலந்த கனமான செங்கற்கள் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றினூடே மின்கம்பிச் சுருள்கள் செல்லும். சுற்றிலும் வெப்பம் வெளியேறாதவாறு தடுக்கும் உறை உண்டு. இரவு ஏழு மணி நேரமும் சுருள்கள் செங்கற்களைப் பல நூறு பாகை வரை காய்ச்சும். பகலில் மின்சாரம் இன்றியே அச்செங்கற்கள் மெல்ல மெல்ல வெப்பத்தை அறைக்குள் விடும். மின்சாரத்தைக் குதிரில் இட முடியாவிடினும், அதன் வெப்பத்தைச் செங்கல்லில் இட்டுவைக்கலாம் என்பதே இதன் தத்துவம்.

இரண்டரைக் கிலோவாட் அளவுள்ள பெட்டியொன்று ஏழு மணி நேரம் முழுமையாகக் காய்ந்தால் பதினேழரை யூனிட் செலவாகும். பெட்டியின் மேல் இரு திருகுகள் உண்டு. ஒன்று, இரவில் எவ்வளவு வெப்பத்தை உள்ளே வாங்க வேண்டும் என்பதற்கு. மற்றொன்று, பகலில் எவ்வளவை வெளியே விடவேண்டும் என்பதற்கு. இவ்விரண்டையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்பவர் பலர். நாளைக்கு எவ்வளவு குளிரும் என்பதை இன்றிரவே ஊகித்து முதல் திருகை வைக்கவேண்டும். நேற்றிரவு குறைத்து வைத்தவர் இன்று நடுங்குவார்; கூட்டி வைத்தவர், வெயிலடித்தாலும் வீணாகப் புழுங்குவார்.

இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. உறை எத்துணை தடிப்பாயினும் வெப்பம் கசிந்துகொண்டே இருக்கும். காலையில் வேலைக்குச் சென்று மாலையில் திரும்புபவரின் வீட்டில், பகல் முழுதும் ஆளில்லா அறையைப் பெட்டி சூடாக்குகிறது. அவர் வந்து அமரும் நேரத்தில் செங்கல் ஆறிவிடுகிறது. அண்மைக் காலத்துப் பெட்டிகளில் உறை செம்மையாக்கப்பட்டு, விசிறியும் தானே இயங்கும் கட்டுப்பாடும் சேர்க்கப்பட்டுள்ளமையால் இக்குறை பெரிதும் நீங்கியுள்ளது. ஆனால் வாடகை வீடுகளில் இன்றும் இருப்பவை பெரும்பாலும் பழைய பெட்டிகளே.

மலிவு குறைந்த வரலாறு

தொடக்க காலத்தில் பகல் விலைக்கும் இரவு விலைக்கும் இருந்த இடைவெளி பெரிது. பல இடங்களில் பகல் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே இரவு விலையாக இருந்தது. இன்றோ அது ஏறக்குறைய பாதியாக உள்ளது. பகல் விலையும் உயர்ந்துவிட்டபடியால், அதில் பாதி என்பதும் பெருந்தொகையே ஆகும்.

இம்மாறுதலுக்குக் காரணங்கள் பல. முதலாவது, 1990-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மின்சாரத் தொழில் தனியார் வசமாயிற்று. அதன்பின் இயற்கை வாயுவால் இயங்கும் நிலையங்கள் பெருகின. அவற்றை வேண்டும்போது கூட்டவும் குறைக்கவும் முடியும். எனவே இரவில் எஞ்சி நிற்கும் மின்சாரம் குறைந்தது. பழைய அணு உலைகள் பலவும் மூடப்பட்டன. 2024 செப்டம்பர் 30-ஆம் நாள் ராட்க்ளிஃப் நிலையம் நிறுத்தப்பட்டதோடு பிரிட்டனில் நிலக்கரி மின்சாரமே முடிவுக்கு வந்தது. எந்த எச்சத்தை நம்பி இரவுக் கட்டணம் வகுக்கப்பட்டதோ, அந்த எச்சத்தின் ஊற்று இவ்வாறு வற்றியது.

இரண்டாவது, மின்சாரச் சந்தையின் மொத்த விலையைப் பெரும்பாலான வேளைகளில் இயற்கை வாயுவின் விலையே நிர்ணயிக்கிறது. 2021-இன் பிற்பகுதியில் வாயு விலை ஏறத் தொடங்கியது; 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தபின் வானளாவ உயர்ந்தது. வாயுவும் மின்சாரமும் சேர்த்து ஒரு சராசரிக் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு விதிக்கத்தக்க விலை வரம்பு 2021 அக்டோபரில் 1,277 பவுனாக இருந்தது. 2022 ஏப்ரலில் அது 1,971 பவுனாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் 3,549 பவுனுக்கு வந்தது. அப்போது அரசாங்கம் குறுக்கிட்டு, 2,500 பவுனுக்கு மேற்பட்ட பகுதியைத் தானே ஏற்றது. பின்னர் விலை இறங்கியபோதிலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

மூன்றாவது காரணம் பலரும் அறியாதது. ஆஃப்ஜெம் என்னும் ஒழுங்குமுறை அமைப்பு 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து இந்த விலை வரம்பை நடைமுறைப்படுத்தி வருகிறது. இருவிலைக் கட்டணத்தைப் பொறுத்தவரை, மொத்த உபயோகத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கு இரவில் நிகழ்வதாக அனுமானித்து, ஆண்டு மொத்தத்துக்கே வரம்பு கட்டுகின்றனர். இரவு விலை இவ்வளவு, பகல் விலை இவ்வளவு என்று தனித்தனியே கட்டுவதில்லை. ஆகவே விற்பவர் பகல் விலையைச் சற்றுத் தாழ்த்தி இரவு விலையை உயர்த்தினாலும் வரம்பு மீறப்படுவதில்லை. கணப்புப் பெட்டியை நம்பி, தம் மின்சாரத்தில் முக்கால் பங்கை இரவில் வாங்குபவருக்கோ பில் ஏறிவிடுகிறது. சட்டம் மீறப்படாமலே அவர் நஷ்டமடைகிறார்.

கணக்கு எங்கே திரும்புகிறது?

இதை ஓர் உதாரணக் கணக்கால் விளக்குவோம். கணக்கின் எளிமைக்காக நாமே வகுத்துக்கொண்ட விலைகள் இவை. ஒரே விலைத் திட்டத்தில் யூனிட்டுக்கு 25 பென்ஸ். இருவிலைத் திட்டத்தில் பகலுக்கு 31 பென்ஸ், இரவுக்கு 16 பென்ஸ் எனக் கொள்வோம். ஒரு குடும்பம் 1,000 யூனிட் உபயோகிக்கிறது. ஒரே விலைத் திட்டத்தில் அதற்கு 250 பவுன் ஆகும்.

இருவிலைத் திட்டத்தில் 400 யூனிட் இரவிலும் 600 யூனிட் பகலிலும் செலவானால், இரவுக்கு 64 பவுனும் பகலுக்கு 186 பவுனுமாகச் சேர்ந்து அதே 250 பவுன் ஆகிறது. லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. 700 யூனிட் இரவில் செலவானால் 112-ம் 93-மாக 205 பவுன். 45 பவுன் மிச்சம். 250 யூனிட் மட்டுமே இரவில் செலவானால் 40 பவுனும் 232 பவுன் 50 பென்ஸும் சேர்ந்து 272 பவுன் 50 பென்ஸ். 22 பவுன் 50 பென்ஸ் நஷ்டம். இரவில் வாங்குவது நூற்றுக்கு நாற்பதுக்குக் குறைந்தால் இருவிலைத் திட்டம் ஆதாயமன்று என்று அந்நாட்டில் பொதுவாகக் கூறப்படும் அளவுகோலும் இத்தகைய கணக்கிலிருந்து பிறந்ததே. விலைகள் மாறினால் அவ்வளவுகோலும் மாறும் என்பதை மறத்தல் கூடாது.

இப்போது பெரியவரின் மகள் வீட்டுக்கு வருவோம். அவர் காலை ஆறரை மணிக்கு வேலைக்குச் சென்று இரவு எட்டு மணிக்குத் திரும்புபவர். திரும்பும்போதெல்லாம் பெட்டி சில்லிட்டுக் கிடக்கவே, அது பழுதடைந்துவிட்டது என எண்ணி அதன் விசையை அணைத்துவிட்டார். கடையிலிருந்து ஒரு சிறு மின்கணப்பை வாங்கிவந்து மாலை நேரங்களில் போட்டுக்கொண்டார். அதன் விளைவாக, இரவில் குளியல் நீர் காயும் செலவு மட்டுமே மலிவு விலையில் நடந்தது. மீட்டரின் இரு கணக்குகளையும் ஒப்பிட்டபோது, மொத்தத்தில் நான்கில் ஒரு பங்குதான் இரவுக் கணக்கில் ஏறியிருந்தது. மலிவு விலைத் திட்டத்தில் இருந்துகொண்டே மிகுந்த விலைக்கு வாங்கி வந்திருக்கிறார். அண்டை வீட்டார் ஒரே விலைத் திட்டத்தில் இருப்பவர்கள். பில்லின் மர்மம் இதுவே.

இதைத் தந்தையின் வாயிலாகத் தெரிவித்தேன். இரு வழிகள் அவர் முன் இருந்தன. ஒன்று, ஒரே விலைத் திட்டத்துக்கு மாறுதல். மற்றொன்று, பெட்டியை முறைப்படி உபயோகித்தல். அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். இரவுத் திருகைக் குளிருக்குத் தக்கவாறு வைத்து, வெளிவிடும் திருகைப் பகலில் மூடி, மாலையில் திறந்து வருகிறார். பகல் வேளையில் கசிவதைத் தடுக்க முடியவில்லை. எனினும் சிறு கணப்பின் உபயோகம் பாதியாகக் குறைந்துள்ளதாக எழுதியிருக்கிறார். துணி துவைக்கும் இயந்திரத்தை நள்ளிரவில் ஓடவிடலாமா என்றும் கேட்டிருந்தார். எல்லோரும் உறங்கும் வேளையில் அத்தகைய இயந்திரங்களை ஓடவிடுதல் ஆகாது என்று அந்நாட்டுத் தீயணைப்புத் துறையினர் எச்சரித்துள்ளனர். நாலு காசு மிச்சத்துக்காக அவ்வெச்சரிக்கையைப் புறக்கணிக்கலாகாது.

துன்பம் யாருக்கு?

இங்கு நாம் ஆழ்ந்து கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. இப்பெட்டிகள் யாருடைய வீடுகளில் இருக்கின்றன? வாயுக் குழாய் எட்டாத கிராமங்களிலும், நகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் இருக்கின்றன. 1968 மே 16-ஆம் நாள் கிழக்கு லண்டனிலுள்ள ரோனன் பாயிண்ட் என்னும் அடுக்குமாடியில் வாயு வெடித்துக் கட்டிடத்தின் ஒரு மூலை சரிந்தது, நால்வர் மாண்டனர். அதன்பின் அத்தகைய கட்டிடங்கள் பலவற்றில் வாயு விலக்கப்பட்டு, மின்கணப்பு புகுந்தது. அவற்றில் வாழ்வோர் பெரும்பாலும் வாடகைக்கு இருப்போரும் முதியோரும் ஆவர். பெட்டியைத் தேர்ந்தவர் வீட்டு உரிமையாளர். பில் கட்டுபவரோ குடியிருப்பவர். ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை ஒரு யூனிட் வாயுவின் விலையைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்காக இருக்கும் நாட்டில், வேறு வழியின்றி மின்சாரத்தால் குளிர் காய்பவர் அவர்களே.

இதனிடையே, இரவு மின்சாரம் முற்றிலும் மலிவற்றதாகிவிடவும் இல்லை. இப்போது பிரிட்டனில் காற்றாலைகள் பெருகியுள்ளன. காற்று இரவிலும் வீசுகிறது. மின்சாரக் கார் வைத்திருப்போருக்கு, சாதாரண இரவு விலையில் ஏறக்குறைய பாதியே ஆகும் விலையில், நள்ளிரவில் சில மணி நேரம் மின்சாரம் தரும் திட்டங்கள் உள்ளன. ஆனால் அதைப் பெற ஸ்மார்ட் மீட்டர் வேண்டும். பெரும்பாலும் காரும் வேண்டும். பழைய பெட்டியின் அருகே போர்வையைப் போர்த்தி அமர்ந்திருக்கும் மூதாட்டிக்கு அந்த விலை எட்டுவதில்லை. எஞ்சும் மின்சாரம் இன்னும் உண்டு. அதை மலிவாக வாங்குபவர்தாம் மாறிவிட்டனர்.

மீட்டர் மாற்றத்திலும் இவர்களே முதலில் இடர்ப்பட்டனர். 1984 முதல், பல வீடுகளின் பெட்டிகளை இரவில் இயக்கி அணைக்கும் கட்டளை பி.பி.சி.யின் நெட்டலை வானொலி ஒலிபரப்போடு கலந்து அனுப்பப்பட்டு வந்தது. அக்கருவிகள் பழமையடைந்தமையால், 2025 ஜூன் 30 முதல் அச்சேவை படிப்படியாக நிறுத்தப்படலாயிற்று. அதற்குள் புதிய மீட்டர் பொருத்தப்படாத வீடுகளில் கணப்பு ஓயாமல் எரியவோ, எரியாமலே போகவோ கூடும் என்று எச்சரிக்கப்பட்டது. விலை உயர்ந்ததன்மேல் இந்த அச்சமும் சேர்ந்தது.

நாம் அறியவேண்டுவன

நம் பகுதியில் குளிருக்குக் கணப்பு வேண்டியதில்லை. எனினும் நேரத்துக்கொரு விலை நமக்கும் அந்நியமன்று. மத்திய அரசு 2023-இல் திருத்திய மின் நுகர்வோர் விதிகள், சூரிய மின்சாரம் மிகுந்துள்ள பகல் வேளைக்குக் குறைந்த விலையும் உச்ச நேரத்துக்கு மிகுந்த விலையும் விதிக்க வழி செய்கின்றன. விவசாய இணைப்புகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய பின்னரே, அந்தந்த மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணைப்படி இது அமையும். அங்கே இரவு மலிவு. இங்கே நண்பகல் மலிவு. நேரம் வேறாயினும் பாடம் ஒன்றே.

முதலாவது, குறைந்த விலையை மட்டும் கண்டு மகிழ்தல் ஆகாது. அதற்கு ஈடாக மற்ற நேரத்து விலை எவ்வளவு உயர்கிறது என்பதையும் சேர்த்தே நோக்கவேண்டும். இரண்டாவது, நம் வேலை எந்த நேரத்தில் நடக்கிறது என்பதை ஒரு மாதமேனும் குறித்து வைத்தல் வேண்டும். மாலை உச்ச நேரத்தில் விசைத்தறி ஓட்டுபவருக்கும் நண்பகலில் ஓட்டுபவருக்கும் பில் ஒன்றாக இராது. மூன்றாவது, மலிவு நேரத்தை நம்பி இயந்திரம் வாங்குமுன் நிதானிக்க வேண்டும். இயந்திரம் இருபது ஆண்டு உழைக்கும். விலையோ ஓர் ஆணையில் மாறும். 1978-இல் பெட்டி வைத்தவர்கள் அன்றைய விலை நிலைக்கும் என்றே நம்பினர். நான்காவது, வேலை நேரத்தை மாற்ற இயலாதவர் நம்மிடையே எவரெவர் என்பதைச் சங்கமே முன்கூட்டிக் கணக்கெடுத்து வைத்தல் நலம். விலை ஆணைக்கு முன் ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. அங்கு தனியொருவரின் மனுவைக் காட்டிலும், ஐந்நூறு தறிகளின் கணக்கை வைத்துப் பேசும் சங்கத்தின் மனுவுக்கு வலிமை மிகுதி.

1844-இல் ராச்டேல் நகரத்து நெசவாளர்கள் சேர்ந்து கடை திறந்தபோது விற்ற பண்டங்கள் மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி ஆகியவையே. கலப்படமற்ற பொருளையும் சரியான எடையையும் அங்கத்தினருக்கு உறுதியாக்குவதே அவர்கள் மேற்கொண்ட முதல் வேலை. அன்று கடைத் தராசை உற்று நோக்கியதுபோல் இன்று மின்சார மீட்டரை நோக்கவேண்டும். அந்தப் பெரியவரின் மகள் மாதத்தின் முதல் நாளில் மீட்டரின் இரு கணக்குகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறார். நம் அங்கத்தினர் ஒவ்வொருவர் வீட்டிலும் அத்தகைய குறிப்பேடு ஒன்று இருத்தல் வேண்டும்.